பின்வாசல் கணக்கெடுப்பு

ஆள் எண்ணுவதுதான் என் தொழில். விசிட்டிங் கார்டில் சமூகப் பொருளாதார ஆய்வு என்று அச்சடித்து வைத்திருக்கிறேன். அதை நீட்டினால் எல்லாரும் மரியாதையாகத் தலையாட்டுவார்கள், ஒருவருக்கும் ஒன்றும் புரியாது. ஆள் எண்ணுகிறேன் என்று சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் புரிந்துவிடும். ஒரு தெருவில் எத்தனை அடுப்பு எரிகிறது, எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள், அதில் சின்னப் பிள்ளைகள் எத்தனை, குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது, வேலைக்கு எந்தப் பஸ்ஸில் போகிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதி, அரசாங்கத்துக்குக் கொடுப்போம். எங்கே பஸ் விடலாம், எங்கே தொட்டி கட்டலாம் என்று அவர்கள் அதை வைத்து முடிவெடுப்பார்கள். எடுக்க வேண்டும். பல நேரம் எடுக்கவும் செய்கிறார்கள்.

இந்தத் தொழிலில் எனக்கு இருக்கும் பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு. நாச்சியாபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள் நான். எங்கள் ஊரில் அடிபம்பு யார் வீட்டு வாசலில் ஊன்றப்படும் என்பது யாருடைய சத்தம் பெரிது என்பதைப் பொறுத்தது. என் அப்பாவின் சத்தம் பெரிது. பம்பு எங்கள் வாசலில் இருந்தது. கிழக்குத் தெருப் பெண்கள் இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாகக் குடத்தோடு நடந்து வந்து வரிசையில் நிற்பார்கள். நான் படியில் உட்கார்ந்து அவர்களை வேடிக்கை பார்த்திருக்கிறேன். அப்போது அது நியாயமாகவே பட்டது. காரைக்குடிக்குப் பொருளாதாரம் படிக்க வந்த பிறகுதான் உறைத்தது. ஒரே ஒரு ஆள் ஒரு நாள் நோட்டோடு நடந்து எந்தத் தெருவில் எத்தனை பேர் என்று எழுதியிருந்தால், அந்தப் பம்பு எங்கள் வாசலுக்கு வந்திருக்காது. சத்தத்துக்குப் பதிலாக எண்ணிக்கை என்பது அன்று பிடித்த பித்து. இன்னும் தெளியவில்லை. தெளியவும் வேண்டாம்.

எங்கள் ஆய்வு மையம் ரொம்பச் சின்னது. காரைக்குடியில் ஒரு வீட்டு மாடியில் இருக்கிறது. களப்பணிக்கு நான் பொறுப்பு. சில வருஷங்களுக்கு முன் எங்களிடம் ஒரு வேலை வந்தது. இந்தப் பக்கத்து அங்கன்வாடி மையங்கள் பிள்ளைகள் இருக்கிற இடத்தில்தான் இருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். நல்ல கேள்வி. பழைய தெருக்களில் மையம் இருக்கிறது, அங்கே பெரிய பெரிய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. ஊருக்கு வெளியே பிளாட் போட்டுப் புதுக் காலனிகள் வந்துவிட்டன, அங்கே பிள்ளைகள் நிறைய, மையம் இல்லை. எண்ணிக் கொடுத்தால் மையத்தை இடம் மாற்றுவார்கள். இந்த வேலைக்காகவே நான் பிறந்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

கோட்டையூரில் ஒரு பழைய தெருவை நானே எடுத்துக்கொண்டேன். அங்கே வீடு என்றால் தெருவுக்குத் தெரு நீளும். முன்வாசல் ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். கதவு எண் ஒன்று, பங்காளிகள் பத்துப் பேர். எல்லாரும் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள். பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் சாமி காரியத்துக்கும் வருவார்கள். புதிதாகச் சேர்ந்த களப்பணிப் பெண்களுக்கு இந்த வீடுகளின் கதவைத் தட்டவே கை வராது. எனக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. வெயிலில் நடந்து, ஒவ்வொரு கதவாகத் தட்டி, டேப் என்று நாங்கள் சொல்லும் கைக்கணினியில் ஒவ்வொரு வீடாகப் பதிந்தேன். பின்தெருவுக்குப் போன பெண்களிடம், "அங்குட்டு இருக்குறதெல்லாம் பின்வாசல். முன்தெரு வீட்டோட சேர்ந்தது. ரெண்டு தடவ எண்ணிப்புடாதீக" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். ஒருவரை இரண்டு முறை எண்ணுவது எங்கள் தொழிலில் பெரிய பாவம்.

முடிவு தெளிவாக வந்தது. தெரு முழுக்கச் சேர்த்து, சின்னப் பிள்ளைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். ஆனால் அந்தத் தெரு அங்கன்வாடியின் பதிவேட்டில் அதைப் போலப் பல மடங்கு பிள்ளைகள் இருந்தார்கள். நான் சிரித்தேன். முட்டைக்கும் சத்துமாவுக்கும் இல்லாத பிள்ளைகளின் பெயரை ஏற்றியிருப்பார்கள் என்று உடனே முடிவுகட்டினேன். மையத்தைச் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மையத்தோடு இணைத்துவிடலாம், பணியிடத்தைப் புதுக் காலனிக்குக் கொடுக்கலாம் என்று பரிந்துரை எழுதினேன். கீழே பொடி எழுத்தில் ஓர் அடிக்குறிப்பும் போட்டேன்: மையத்தின் பதிவேட்டு எண்ணிக்கை மிகைப்படுத்தப்பட்டதாக இருக்கலாம். அந்த "இருக்கலாம்" என்ற சொல்லை நடுநிலைக்காகச் சேர்த்ததாக எனக்கு நானே ஷொட்டு கொடுத்துக்கொண்டது நினைவிருக்கிறது.

இரண்டு மாதம் போயிருக்கும். ஸ்கூட்டர் மக்கர் பண்ணிய ஒரு நாள், காரைக்குடியில் டவுன் பஸ் ஏறினேன். பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ் என்பதால் நிற்கக்கூட இடமில்லை. எனக்கு முன்னால், தோளில் ஒரு பெண்குழந்தையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஒருத்தி நின்றாள். முப்பது வயதுக்குள் இருக்கும். குழந்தைக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டுப் போகிறாள் என்பது கையில் இருந்த மாத்திரைக் கவரில் தெரிந்தது. திரும்பி என்னைப் பார்த்தவள் பார்வையை எடுக்கவில்லை.

"நீங்கதான எங்க தெருவுக்கு டேப்பத் தூக்கிக்கிட்டு வந்து எழுதிட்டுப் போனவுக?"

"ஆமா. நீங்க யாருன்னு..."

"நான் யாருன்னா கேக்குறீக? எங்கிட்டத்தான தண்ணி வாங்கிக் குடிச்சீக."

எனக்கு முகம் பிடிபடவில்லை. ஒரு சொம்பு நினைவுக்கு வந்தது. அவ்வளவுதான்.

"எங்க தெரு பால்வாடிய மூடப் போறாகளாம். தெருவுல புள்ளைகளே இல்லேன்னு நீங்கதான் எழுதிக் குடுத்தீகளாம். டீச்சர் சொன்னாக" என்றவள், தோளில் இருந்த குழந்தையை இரண்டு கையாலும் என் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினாள். "அப்ப இது என்னக்கா? பூசணிக்காயா?"

பஸ் சிரித்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவளை எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். எனக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. என் எண்ணிக்கையை யாராவது சந்தேகப்பட்டால் எனக்கு அப்படித்தான் ஏறும். அங்கேயே டேப்பை எடுத்து, எந்த வீடு என்று கேட்டு, அதன் பதிவைத் தேடினேன். கிடைத்தது. பதில் சொன்னவர்: வீட்டைப் பார்த்துக்கொள்பவர். வசிப்போர்: யாரும் இல்லை.

"வீட்ல யாரும் இல்லேன்னு நீங்கதானத்தா சொல்லியிருக்கீக" என்றேன், வழக்கில் ஜெயித்த குரலில்.

"ஆமா, இல்லதான். வீட்டுக்கார ஆச்சி மெட்ராஸ்ல இருக்காக. அவுக மக சிங்கப்பூர்ல. பொங்கலுக்குத்தான் வருவாக."

"அப்ப நீங்க?"

"நாங்க பின்கட்டுல இருக்கோம். எட்டு வருசமா அங்கனதான் இருக்கோம்."

"அதச் சொல்ல வேண்டியதுதான?"

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அது எங்க வீடா? அடுத்தவுக வீட்டுக்குள்ள நின்னுக்கிட்டு நாங்க இருக்கோம்னு எப்படிக்கா சொல்றது?"

டேப்பை அணைத்தேன். ஏனென்றால் அவள் சொன்னது எனக்குத் தெரியும். இந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த யாருக்கும் தெரியும். வீட்டுக்காரர்கள் ஊரில் இல்லை என்றால் வீட்டில் யாரும் இல்லை என்றுதான் நாங்கள் சொல்வோம். கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனால், பின்கட்டில் நாலு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும், "அங்க யாரும் இல்ல" என்று அடுத்த வீட்டுக்குப் போய்விடுவோம். அவள் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், யாரும் இல்லை என்றாள், நானும் அவள் முகத்துக்கு நேரே யாரும் இல்லை என்று எழுதிவிட்டு, சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். வெளியூர்க்காரி ஒருத்தி அந்த இடத்தில் இருந்திருந்தால், "அப்போ நீங்க யாரு?" என்று கேட்டிருப்பாள். உள்ளூர் தெரியும் என்ற திமிரில் நான் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது.

அவள் விடுவதாக இல்லை. "பால்வாடி தெறந்ததும் இவள விட்டுட்டு நேரா பஸ் ஏறுனாத்தான் ஓட்டல் அடுப்படிக்கு நேரத்துக்குப் போக முடியும். ரோட்டுக்கு அங்குட்டு இருக்குறதுல கொண்டுபோய் விடச் சொல்றாக. போயிட்டு வந்தா பஸ் போயிரும். ரெண்டு நாளு லேட்டா போனா வேலையும் போயிரும். வீட்டுக்காரருக்குப் பெயின்ட் வேலை, இருந்தா இருக்கும் இல்லாட்டி இல்ல. என்னக்கா செய்யச் சொல்றீக?" கோட்டையூர் வந்துவிட்டது. பதிலுக்கு நிற்காமல் இறங்கிப் போய்விட்டாள். அவள் வேலை செய்வது பெரிய வீடு ஒன்றை மாற்றி நடத்தும் ஓட்டலில். வெள்ளைக்காரர்களுக்குப் பணியாரம் சுட்டுப் போடுகிற இடம்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் வீட்டுக்காரர் தட்டில் இருந்து நிமிர்ந்து, "மேடம் தப்புப் பண்ணிட்டாகளா? காலண்டர்ல குறிச்சு வைக்கணுமே" என்றார். அவருக்கு அது பல வருஷக் கனவு. நான் சிரிக்கவில்லை. ஒரு வீட்டை வைத்து முடிவுக்கு வரக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். எங்கள் தொழிலுக்கென்றே சொன்ன பழமொழி அது. ஆனால் நான் பதம் பார்த்தது வேறு பானை என்றால் என்ன செய்வது? முன்வாசல் வழியாகப் போன எனக்குப் பின்கட்டு ஒரு வீடாகத் தெரியவில்லை. பின்தெருவுக்குப் போன பெண்களுக்கும் அது வீடு இல்லை, அப்படிச் சொல்லி அனுப்பியதும் நான்தான். யாரையும் இரண்டு முறை எண்ணிவிடக் கூடாது என்ற பதற்றத்தில், ஒரு தடவைகூட எண்ணாமல் விட ஏற்பாடு செய்திருக்கிறேன்.

மறுநாள் காலையில் முதலில் அந்த அங்கன்வாடிக்குப் போனேன். ஆய்வு நடந்தபோது நான் அதற்குள் கால் வைக்கவே இல்லை. மையத்துக்காரர்களோடு பேசினால் நடுநிலை கெட்டுவிடுமாம். அவ்வளவு பெரிய நடுநிலை! உள்ளே பாயில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து ஏதோ பாட்டுக்குக் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். எண்ணினேன். இரண்டு கை விரலும் போதவில்லை. டீச்சர் நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர். நான் யார் என்று சொன்னதும் எழுந்து நின்றார், உட்காரச் சொல்லவில்லை.

"ரிஜிஸ்டர் வேணுமா மேடம்? எடுத்துப் பாருங்க. கள்ளக் கணக்கு எழுதுறேன்னு போட்டீகளாமே, எது கள்ளம்னு தொட்டுக் காட்டுங்க. மேல இருந்து விளக்கம் கேட்டு லெட்டர் வந்துருக்கு. இத்தன வருச சர்வீஸ்ல மொத லெட்டர்."

"நான் அப்படி எழுதல. இருக்கலாம்னுதான்..." என்று ஆரம்பித்தேன்.

"என் தப்பு, டீச்சர். மன்னிச்சுக்குங்க" என்றேன்.

"மன்னிப்பெல்லாம் எதுக்கு? எழுதுன கையால அத அழிச்சுட்டு வாங்க, போதும்" என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளிடம் திரும்பிவிட்டார். நல்ல டீச்சர்.

அங்கிருந்து பின்தெருவுக்கு வந்தேன். இந்த முறை கேள்வியை மாற்றியிருந்தேன். யாருடைய வீடு, யார் இருக்கிறார்கள் என்றெல்லாம் கேட்கப் போவதில்லை. நேற்று இரவு இங்கே படுத்துத் தூங்கியது எத்தனை பேர், இன்று காலையில் எத்தனை பேருக்கு உலை வைத்தீர்கள், அவ்வளவுதான். கேள்வி சரியாக இருந்தால் பதில் தானாக வரும் என்று நினைத்தேன். முதல் பின்வாசலில் ஒரு பெண் கேள்வியைக் கேட்டதும் கொடியில் காய்ந்த சின்னக் கவுனை உருவிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "எழுதாதீகம்மா" என்றாள். இரண்டாவது வாசலில் கதவே பாதிதான் திறந்தது. மூன்றாவதில், உள்ளே ஒரு குழந்தை வீரிட்டு அழுகிற சத்தத்துக்கு நடுவே, "இங்க யாரும் இல்லீங்க" என்று பதில் வந்தது. மத்தியானம் வரைக்கும் நடந்தேன். டேப்பில் ஒரு வரிகூட ஏறவில்லை.

சத்தத்தை வைத்தே எழுதியிருக்கலாம். கொடியில் காய்கிற துணியை எண்ணியும் எழுதியிருக்கலாம். ஆனால் ஒருவர் எழுதாதே என்றால் எழுதக்கூடாது. அதை மீறினால் நான் எடுக்கிறது ஆய்வு இல்லை, உளவு. டேப்பைப் பைக்குள் வைத்துவிட்டு, பஸ்ஸில் என்னைத் திட்டியவளின் பின்வாசலுக்குப் போனேன். குழந்தைக்காக அன்று விடுப்பு எடுத்திருந்தாள். அவளாவது சொல்வாள் என்று நம்பினேன். அவளும் கதவைப் பிடித்துக்கொண்டு தயங்கினாள்.

"கோவத்துல பஸ்ல பேசிட்டேன்க்கா. ஆனா எழுதுறதுன்னா யோசனையா இருக்கு. இந்த விலாசத்துல ரேசன் கார்டே எடுக்க வேணாம்னு ஆச்சி சொல்லியிருக்காக. ஓட்டுகூட எங்க ஊருலதான் இருக்கு."

ஏன் என்று நான் கேட்கவில்லை, தெரியும். பத்துப் பங்காளிகளுக்குப் பொதுவான வீடு. என்றைக்காவது பாகம் பிரிக்கும்போது, இன்னார் இங்கே குடியிருக்கிறார்கள் என்று ஒரு அரசாங்கத் தாள் இருந்தால், அப்படி யார் எழுதவிட்டது என்று சண்டை வரும். அதனால்தான் எல்லாப் பின்கட்டுக்கும் அதே கட்டளை. வீட்டுக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை, பயந்தவர்கள். இருப்பவர்கள் அதைவிடப் பயந்தவர்கள். இரண்டு பயத்துக்கும் நடுவில் ஒரு தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் காகிதத்தில் காணாமல் போயிருக்கிறார்கள்.

நாங்கள் எழுதுவதில் பெயர் வெளியே போகாது, கதவு எண் போகாது, இந்தத் தெருவில் மொத்தம் இத்தனை பிள்ளைகள் என்று மட்டும்தான் போகும், இது எந்த வழக்குக்கும் சாட்சி ஆகாது என்று விளக்கினேன். அவள் முழுதாகக் கேட்டாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள்.

"நான் எழுதலேன்னா?"

"மத்தவுகளும் எழுத மாட்டாக. மையம் ரோட்டுக்கு அங்குட்டுப் போயிரும். என்னால தடுக்க முடியாது. இல்லாதத இருக்குன்னு நான் எழுத முடியாது. இருக்குறவுக இருக்கோம்னு சொல்லணும்."

குழந்தை அவள் காலைக் கட்டிக்கொண்டு நின்றது. அவள் இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்தாள். "ஆச்சிக்குத் தெரியாம எழுத மாட்டேன்க்கா. அவுக உப்பத் தின்னுட்டு முதுகுக்குப் பின்னால செய்யக் கூடாது. நானே கேட்டுர்றேன்" என்று சொல்லிவிட்டு, எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு சென்னைக்கு அடித்தாள்.

விஷயத்தைக் கேட்டதும் மறுமுனையில் குரல் ஏறியது. "யாரு வந்து எழுதச் சொன்னது? நாளைக்குப் பங்காளிக வந்து கேட்டா நான் என்னத்தா பதில் சொல்றது?"

"வீட்டு நம்பரு போடலையாம் ஆச்சி. தெருவுல எத்தன புள்ளைகன்னுதான் போகுமாம்."

"எல்லாரும் மொதல்ல அப்படித்தான் சொல்லுவாக. வேணாம்னு சொல்லி அனுப்பு."

எனக்கு உள்ளே பற்றிக்கொண்டு வந்தது. போனைப் பிடுங்கிப் பேச வேண்டும் போல இருந்தது. அவள் கையைக் காட்டி என்னை அடக்கினாள். குரலை உயர்த்தவே இல்லை.

"சரி ஆச்சி, அனுப்பிர்றேன். ஆனா ஒண்ணு சொல்லிர்றேன். பால்வாடி போச்சுன்னா எனக்கு வேலை போச்சு. வேலை இல்லேன்னா எங்களால இங்குன இருக்க முடியாது, ஊருக்கே போயிருவோம். சாவிய யார்ட்டக் குடுத்துட்டுப் போகணும்னு மட்டும் சொல்லுங்க."

போனை ஒரு கையில் பிடித்துக்கொண்டே மறு கையால் குழந்தையின் மூக்கைத் துடைத்தாள்.

"ஏத்தா, மொட்டையா இப்படியா பேசுவ?" என்று ஆச்சியின் குரல் வந்தது, பாதியாக இறங்கி. பிறகு, "சின்னவளுக்குக் காச்சல்னியே, விட்டுருச்சா?"

"விட்டுருச்சு ஆச்சி."

"எழுதச் சொல்லு. பங்காளிகட்ட நான் பேசிக்கிறேன்."

அவள் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "நாலு பேருக்கா. நான், அவரு, பெரியவன், இவ. நேத்தும் நாலு பேரு, இன்னைக்கும் நாலு பேரு. எழுதிக்குங்க" என்றாள். எழுதினேன். அவளுக்குப் படித்துக் காட்டினேன். இத்தனை வருஷத்தில் எத்தனையோ ஆயிரம் வரி எழுதியிருப்பேன், எழுதியதைப் படித்துக் காட்டியது அந்த ஒரு வரியைத்தான்.

அதற்குப் பிறகு எனக்கு வேலை இல்லை. குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் எனக்கு முன்னால் நடந்தாள். "எங்க ஆச்சியே சரின்னுட்டாக, நீ என்னத்துக்கு ஒளியுற?" என்று ஒவ்வொரு பின்வாசலிலும் சத்தம் போட்டாள். சிலர் தங்கள் வீட்டுக்காரர்களுக்குப் போன் போட்டுக் கேட்டார்கள். சிலர் கேட்காமலே சொன்னார்கள். இரண்டு வீட்டில் கடைசி வரைக்கும் வேண்டாம் என்றார்கள், விட்டுவிட்டோம். சாயங்காலம் கூட்டிப் பார்த்தால், டீச்சரின் பதிவேட்டில் இருந்ததைவிடப் பிள்ளைகள் அதிகம். எங்கே விலாசம் கேட்பார்களோ என்று பயந்து, சிலர் பிள்ளைகளை மையத்துக்கு அனுப்பாமலே வைத்திருந்தார்கள். மிகைப்படுத்தியதாம்! அந்த அம்மா குறைத்தல்லவா எழுதியிருக்கிறார்.

எங்கள் ஆய்வு மையத்தில் என் சகாக்கள், அறிக்கையைச் சத்தமில்லாமல் திருத்தி, திருத்திய பதிப்பு என்று போட்டு அனுப்பிவிடலாம் என்றார்கள். யாரும் கவனிக்க மாட்டார்களாம். யாரும் கவனிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் இந்தக் கூத்தே நடந்தது என்று சொல்லிவிட்டு, சிவகங்கையில் நடந்த மறுஆய்வுக் கூட்டத்தில் நானே எழுந்து நின்றேன். கூட்டத்தை நடத்திய அதிகாரி வெளி மாவட்டத்துப் பெண், கூர்மையானவர். நான் சொல்லி முடிக்கும் வரை குறிப்பு எடுத்துக்கொண்டே இருந்தார்.

"போன தடவையும் இதே நம்பிக்கையோடதான் பேசினீங்க. இந்த எண்ணிக்கையை நான் எப்படி நம்புறது?" என்றார்.

நியாயமான கேள்வி. இந்தக் கேள்வியைக் கேட்கிற அதிகாரிதான் எனக்கு வேண்டும். "நம்ப வேண்டாம் மேடம். உங்க ஆட்களை விட்டு எந்தப் பின்வாசலையும் தட்டச் சொல்லுங்க. எப்படிக் கேக்கணும்னு இந்தத் தாளில் எழுதியிருக்கேன். தப்பு எண்ணிப் பாக்குறதுல இல்ல. எங்க நின்னு எண்ணுனேன்கிறதுல இருக்கு" என்றேன்.

"அப்போ புதுக் காலனிக்கு?"

"அங்கயும் பிள்ளைக இருக்காங்க. அந்த எண்ணிக்கை சரி. அதுக்குத் தனியா ஒரு மையம் கேக்கணும். இங்க இருந்து பிடுங்கி அங்க நடக் கூடாது."

அவர் பேனாவை வைத்தார். "நெற்குப்பையிலயும் இதே மாதிரி வீடுங்கதானே? அங்கயும் இந்தப் பிழை இருக்குமா?"

இல்லை என்று சொன்னால் எனக்குப் பல மாத வேலை மிச்சம். "இருக்கும்" என்றேன். பழைய தெருக்களின் இணைப்பு எல்லாவற்றையும் மறு கணக்கெடுப்பு வரைக்கும் நிறுத்திவைத்தார். அடிக்குறிப்பை நீக்கச் சொல்லித் தனிக் கடிதம் கொடுத்தேன். டீச்சரிடம் கேட்ட விளக்கத்தையும் திரும்பப் பெறுவதாகச் சொன்னார்கள். வெளியே வந்து ஒரு டீ குடித்தேன். தப்பை ஒப்புக்கொண்டவளுக்குத் தலை குனிந்திருக்க வேண்டும். எனக்கு நிமிர்ந்துதான் இருந்தது. தப்பைக் கண்டுபிடித்தால் திருத்த முடிகிறது, அதற்குத்தானே இந்த வேலை. அப்பாவின் சத்தத்தை யாராலும் திருத்த முடிந்ததில்லை.

கோட்டையூர் மையத்தின் இணைப்பு ரத்து என்று உத்தரவு வந்ததும், நகலை எடுத்துக்கொண்டு காலையிலேயே அங்கே போனேன். டீச்சர் வாங்கிப் படித்து, மடித்து, பதிவேட்டுக்குள் வைத்துக்கொண்டு, முதல் முறையாக நாற்காலியைக் காட்டினார். அவள் அப்போதுதான் மகளை உள்ளே விட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிவந்தாள். பஸ் வருகிற நேரம்.

"உத்தரவு வந்துருச்சுத்தா. மையம் இங்கனயேதான்" என்றேன். துள்ளுவாள், கையைப் பிடித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் அதற்காகத்தான் நானே நேரில் போயிருந்தேன்.

அவள் நடையைக்கூடக் குறைக்கவில்லை. "அதான் எழுதியாச்சுல்லக்கா? நாங்க இருக்கோம்னு சொன்ன பெறகு எப்படி மூடுவாக?" என்றாள், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி. பஸ் வந்துவிட்டது. கையைக் காட்டி நிறுத்தி ஏறிப் போனாள்.